கொடுவாய்

அடி அண்ணாமலைக்குக் கடல் கிடையாது. உப்புக் காற்று முகத்தில் பட வேண்டுமென்றால் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனாலும் கடலின் பெயர்கள் எங்களைச் சுற்றிக் கிடந்தன. மலைக்குத் தென்மேற்கே பரந்து கிடக்கும் பெரிய ஏரிக்குச் சமுத்திரம் என்று பெயர். கிரிவலப் பாதையில் எங்கள் ஊரை ஒட்டி வருணலிங்கம். எட்டுத் திக்குக்கும் எட்டு லிங்கங்கள் அமைந்தபோது மேற்கு வருணனுக்குப் போயிற்று, மலைக்கு மேற்கே இருப்பது எங்கள் ஊர், அவ்வளவுதான் காரணம். ஆனால் நெய்தல் நிலத்துக்குத் தெய்வம் வருணன் என்று தமிழ் ஐயா வகுப்பில் சொன்ன அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கடலூர்க்காரர்களிடம் கடல் இருக்கலாம், கடலின் சாமி எங்களிடம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

திருவண்ணாமலை அப்போது வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டம் 1989இல்தான் வந்தது. கிரிவலப் பாதை முழுக்க மண்ணும் புளியமர நிழலுமாக இருந்த காலம். பௌர்ணமிக்கு நடப்பவர்கள் உண்டு, ஆனால் இன்றைய கூட்டத்தை அன்று யாரும் கற்பனை செய்திருக்க முடியாது. ஆதி அண்ணாமலையார் கோயில் மதிலோரம் ஆடுகள் படுத்திருக்கும். மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடிய இடம் என்று சொல்லப்படும் சின்னக் கோயிலைத் தாண்டிப் போனால் நிலங்கள். மல்லாட்டையும் கேழ்வரகும், கிணற்றில் தண்ணீர் இருந்தால் நெல்லும். தை முடிந்தால் காற்றில் மல்லாட்டைச் செடி காயும் வாசனை.

மீன் என்றால் எங்களுக்கு ஏரி மீன். கோடையில் ஏரி வற்றி முழங்கால் சேறாக மாறும்போது ஊரே இறங்கும். கெண்டை, கெளுத்தி, உளுவை, சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் விரால். கையில் குத்திவிட்டால் இரவெல்லாம் கடுக்கும் தேளி. சாத்தனூர் அணைக்குப் போனால் ஜிலேபிக் கெண்டையை மிளகாய்ப்பொடி தடவி வறுத்துக் கொடுப்பார்கள். அந்த வறுவலுக்காகவே அப்பா எங்களைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போவார். கடல் மீன் எங்கள் வீட்டுக்கு வந்தது கருவாடாகத்தான். சந்தையில் நெத்திலிக் கருவாடும் வாளைக் கருவாடும் கிடைக்கும். ஒரு மீன் முழுசாக எப்படி இருக்கும் என்பதே தெரியாமல், அதன் காய்ந்த துண்டை மட்டும் தின்று வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

இந்த நிலைமையை மாற்றியவர் சின்ன மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. கடலூர் முதுநகர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மாமா மீன் பிடிப்பவர் இல்லை. படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பவர். ஆனால் கரையில் நின்றே எல்லா மீனின் பெயரையும் கற்றுக்கொண்டுவிட்டார். ஊருக்கு வந்தால் இரவில் திண்ணையில் படுத்துக்கொண்டு எங்களுக்குப் பெயர்கள் சொல்லுவார். வஞ்சிரம், வௌவால், சங்கரா, கானாங்கெளுத்தி, சூடை, கவலை, காரப்பொடி, சீலா, காலா, பாறை, திருக்கை. அதில் எதையும் நாங்கள் பார்த்ததில்லை. பார்க்காததனாலேயே அவை எங்கள் நாக்கில் ஒட்டிக்கொண்டன. ஓணான் அடிக்கப் போகும்போது கட்சி பிரிப்பதற்கு மீன் பெயர் வைத்துக்கொள்வோம். நான் எப்போதும் சீலா.

ஒரு கரிநாளில் அந்த மீன் வந்தது.

எங்கள் பக்கத்தில் மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் கரிநாள். மார்கழி முழுக்கக் கவிச்சி சமைக்காத வீடுகள் அன்றைக்குத்தான் அடுப்பில் சட்டி ஏற்றும். அதற்கு முன்பு கார்த்திகை தீபம் என்று இன்னொரு மாதம் போயிருக்கும். ஆகவே ஊரே வாய் ஊறிக் காத்திருக்கும் நாள் அது. காலை முதல் வண்டியில் மாமா வந்து இறங்கினார். தோளில் ஈரச் சாக்கு மூட்டை. சாக்குக்குள் மரத்தூள், மரத்தூளுக்குள் ஐஸ், ஐஸுக்குள் மீன். வழியெல்லாம் சொட்டிச் சொட்டி அவர் சட்டையின் முதுகுப் பக்கம் நனைந்திருந்தது.

வாசலில் நின்றபடியே சொன்னார்: “எக்கா, கொடுவா கொண்டாந்திருக்கேன்.”

அடுப்படியில் இருந்த ஆயா தலையை நீட்டினாள். “இன்னாத்துக்குடா கொடுவா? நம்மூட்ல இல்லாத கொடுவாளா? எறவாணத்துல ஒண்ணு சொருவிக் கீதே.”

எங்கள் வீட்டில் கொடுவா என்றால் கத்தி. முள் வெட்டவும் வேலிக்குக் கிளை கழிக்கவும் வைத்திருந்த, முனை வளைந்த கொடுவாள். மாமா சாக்கைப் பிரித்து மரத்தூளைத் தள்ளி மீனைத் தூக்கிக் காட்டியதும் ஆயா பேச்சை நிறுத்திவிட்டாள். என் இடுப்பளவு நீளம். முதுகு பச்சை கலந்த சாம்பல் நிறம், வயிறு வெள்ளி. செதில் ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் காசளவு. தலை மட்டும் உடம்போடு சேராமல் தனியாக இருப்பதாகத் தோன்றியது. முதுகு கூனிக்கொண்டு மேலே போக, தலை சரிந்து உள்வளைந்து கீழே இறங்கி, முனையில் அந்த வாய். கீழ்த் தாடை மேல் தாடையைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. வாயின் பிளவு கண்ணுக்குப் பின்னால் வரைக்கும் போயிருந்தது. மாமா விரலை விட்டு வாயைத் திறந்து காட்டினார். என் கை முழுக்க உள்ளே போகும்.

தாத்தாவும் ஆயாவும் அன்று பகல் முழுக்கச் சண்டை போட்டது அந்த வாயைப் பற்றித்தான். மீனைத் துவைக்கிற கல்லில் போட்டு ஆயா செதில் உரசினாள். ஏரி மீனுக்குப் பழகிய கைக்கு அது லேசில் வரவில்லை. கத்தியைப் படுக்கப் போட்டு வால் பக்கத்திலிருந்து தள்ளத் தள்ள, செதில்கள் தெறித்துச் சுவரில் ஒட்டின. செவுள் பக்கம் கையைக் கொண்டுபோனபோது மாமா பாய்ந்து வந்து தடுத்தார். செவுள் மூடியின் ஓரம் முழுக்கப் பல் பல்லாக இருக்கிறது, கீழ் மூலையில் ஒரு முள்ளும் உண்டு, தெரியாமல் பிடித்தால் உள்ளங்கை கிழிந்துவிடும், துறைமுகத்தில் நிறையப் பேர் கிழித்துக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன் என்றார்.

“செவுளுல கத்தி, வாயி இம்மாம் பெருசு. கொடுமக்கார வாயி, அதான் கொடுவாயி” என்று ஆயா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

தாத்தா ஒத்துக்கொள்ளவில்லை. எழுந்து போய் இறவாணத்திலிருந்து கொடுவாளை உருவிக்கொண்டு வந்து மீன் தலைக்குப் பக்கத்தில் வைத்தார். முதுகிலிருந்து மூக்கு வரைக்கும் மீன் வளைந்து இறங்கும் கோடும், பிடியிலிருந்து முனை வரைக்கும் கத்தி வளையும் கோடும் ஒன்றாக இருந்தன. “பாரு, ரெண்டும் கோணல். கோணல் வாயி, கொடுவாயி. இதுல கொடும எங்க வந்துச்சி?” அத்தோடு விடாமல் வேலியோரம் நின்ற கொடுக்காப்புளி மரத்தையும் சாட்சிக்கு இழுத்தார். சுருண்டு சுருண்டு தொங்கும் அந்தக் காயை எங்கள் பக்கத்தில் கோணப்புளியங்கா என்றும் சொல்வார்கள். ஒரே காய்க்கு ஒரு பேரில் கொடு, இன்னொரு பேரில் கோணல். தாத்தா பள்ளிக்கூடம் போனவர் இல்லை. இருந்தும் சொல்லைக் கையில் எடுத்து உருட்டிப் பார்க்கிற பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தப் பழக்கம்தான் எனக்கு அவர் விட்டுப்போன சொத்து என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

குழம்பு கொதிக்கிறபோதும் சண்டை ஓயவில்லை. அம்மா புளியைக் குறைத்து, மாங்காய் நறுக்கிப் போட்டு வைத்த குழம்பு. தலையைத் தாத்தாவுக்கு வைத்தார்கள். சதை வெள்ளை வெளேரென்று இதழ் இதழாகப் பிரிந்தது. ஏரிக் கெண்டையைத் தின்று முள் எடுத்தே பழகிய எங்களுக்கு, முள்ளே சிக்காத மீனைத் தின்பது திருட்டுத்தனம் செய்வதுபோல இருந்தது.

பள்ளி திறந்ததும் தமிழ் ஐயாவிடம் கேட்டேன். அவர் சைவர், மீன் தொடமாட்டார். ஆனால் கேள்வி அவருக்குப் பிடித்துப்போயிற்று. பலகையில் ஒரு நேர்கோடும் அதன் பக்கத்தில் ஒரு வளைந்த கோடும் போட்டார். நேர்கோட்டின் கீழ் செம்மை என்றும், வளைந்ததன் கீழ் கொடுமை என்றும் எழுதினார். கொடு என்றால் வளைவு. வளையாத கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். நேராகப் பேசினால் செந்தமிழ், திரிந்தால் கொடுந்தமிழ். வளைந்ததைக் குறித்த சொல்தான் பிறகு நேர்மை கெட்ட மனசுக்கும் வந்தது. ஆகவே உங்கள் தாத்தா சொன்னது சொல்லின் பிறப்பு, உங்கள் ஆயா சொன்னது அதன் வளர்ப்பு என்று முடித்தார். மாலையில் ஓடிவந்து சொன்னேன். தாத்தா ஒன்றும் பேசாமல் மீசையைத் தடவிக்கொண்டார். “வளத்தவதான் தாயி” என்றாள் ஆயா.

அடுத்த மார்கழி அரைப்பரீட்சை விடுமுறையில் மாமா என்னைக் கடலூருக்குக் கூட்டிக்கொண்டு போனார். பேருந்து திருக்கோயிலூரில் தென்பெண்ணையைக் கடந்தபோது என்னை உலுக்கி எழுப்பினார். மழைக்காலம் முடிந்த நேரம், ஆறு கரையைத் தொட்டுக்கொண்டு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. “இது சாத்தனூருல நீ பாத்த தண்ணிதான். நாம போறதுக்குள்ள அதுவும் கடலூருக்கு வந்துரும்” என்றார். அதுவரைக்கும் சாத்தனூர் அணைக்கு அந்தப் பக்கம் ஆறு என்ன ஆகிறது என்று நான் யோசித்ததே இல்லை. 1958இல் கட்டி முடித்த அந்த 119 அடி அணைதான் ஆற்றின் முடிவு என்பதாக எனக்குள் இருந்தது. நந்தி மலையில் பிறந்து கிருஷ்ணகிரி வழியாக எங்கள் பக்கம் வரும் ஆறு, எங்களைத் தாண்டி இவ்வளவு தூரம் போய்த் தாழங்குடாவில் கடலில் விழுகிறது என்பதை மாமா பேருந்தின் ஜன்னல் கம்பியில் விரலால் கோடு போட்டுக் காட்டினார்.

தாழங்குடா கடலூருக்கு வடக்கே. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு, நடுவில் மணல் திட்டு. மாமாவுக்குத் தெரிந்த மீனவப் பெரியவர் ஒருவர் அங்கே இருந்தார். அவரை மாமா அண்ணே என்று கூப்பிட்டார், நான் பெரியப்பா என்று கூப்பிட்டேன். சாயங்காலம் கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறத் தொடங்கும் நேரத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு முகத்துவாரத்துக்குப் போனார். ஆறு இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. கடல் அதை எதிர்த்துத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது. செம்மண் நீரும் பச்சை நீரும் சந்திக்கிற இடம் தெளிவாகத் தெரிந்தது. அந்த இடத்தில்தான் கொடுவா நிற்கும் என்றார் பெரியப்பா. உயிருள்ள மடவைக் குஞ்சு ஒன்றைத் தூண்டிலில் கோத்து அந்தக் கோட்டில் மிதக்க விட்டார்.

“பேசாத நில்லு தம்பி. அது கடிக்காது. உறிஞ்சும்.”

இதைச் சொல்லி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. நீர்ப்பரப்பில் டப் என்று ஒரு சத்தம், நீருக்குள்ளிருந்து யாரோ கை தட்டியதுபோல. மடவை இருந்த இடத்தில் சுழி மட்டும் இருந்தது. கொடுவா இரையைத் துரத்திக் கடிப்பதில்லை என்பதை அங்கேதான் பார்த்தேன். மறைவில் அசையாமல் நிற்கிறது. இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் அந்தப் பெரிய வாயை ஒரே நொடியில் திறக்கிறது. தண்ணீர் உள்ளே பாய்கிறது, தண்ணீரோடு இரையும் போய்விடுகிறது. கீழ்த் தாடை நீண்டிருப்பதும், வாய் கண்ணைத் தாண்டிக் கிழிந்திருப்பதும், தலை மேலிருந்து கீழே வளைந்து இறங்குவதும் இந்த ஒரு வேலைக்காகத்தான். துவைக்கிற கல்லின் மேல் கிடந்தபோது கோணலாகத் தெரிந்த வாய், தண்ணீருக்குள் அதன் வேலையைச் செய்யும்போது கோணலே இல்லை.

பெரியப்பா நரம்பை இழுக்கவும் மீன் நீருக்கு மேலே எழும்பியது. வாயைப் பிளந்துகொண்டு தலையை இடமும் வலமும் உதறியது. நரம்பு செவுளில் உரசினால் அறுந்துபோகும், அதற்காகவே அப்படி உதறுகிறது என்றார் மாமா. மூன்றாவது முறை எழும்பியபோது நரம்பு அறுந்தது. பெரியப்பாவின் முகத்தில் வருத்தம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. அறுந்த நுனியைத் தடவிப் பார்த்துவிட்டு, “வாயப் பாத்து பேரு வச்சாங்க. செவுளப் பாத்திருந்தா கத்தின்னே வச்சிருப்பாங்க” என்றார்.

செவுளைப் பார்த்துப் பெயர் வைத்தவர் ஒருவர் இருந்தார் என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. பெர்லின் நகரத்து மருத்துவர் மார்க்கஸ் பிளாக். உலகத்து மீன்களையெல்லாம் வரவழைத்து, படம் வரைந்து, பெயர் வைத்துக்கொண்டிருந்தவர். 1790இல் அவர் இந்த மீனை விவரித்தபோது கால்காரிஃபர் என்று பெயரிட்டார். லத்தீனில் குதிமுள் தாங்கியது என்று பொருள். செவுள் மூடியின் மூலையில் இருக்கும் அந்த முள்ளைத்தான் அவர் பார்த்திருக்கிறார். மீன் ஜப்பானிலிருந்து வந்தது என்று எழுதிவைத்தார்.

எனக்கு இதில் ஓர் ஆதங்கம் உண்டு. அதே காலத்தில் தரங்கம்பாடியில் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார் சோழமண்டலக் கடற்கரை மீன்களைச் சேகரித்து, அவற்றின் தமிழ்ப் பெயர்களோடு இதே பிளாக்குக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். நம் கருத்த கத்தாழை மீன் அப்படிப் போனதுதான். பாதிரியாரின் நினைவாக ஜோனியஸ் என்பது பேரினப் பெயராக அமைய, நம் கருத்த என்ற சொல் கருட்டா என்று பின்னால் ஒட்டிக்கொண்டு அறிவியலில் நிலைத்துவிட்டது. கொடுவாவும் தரங்கம்பாடி வழியாகப் போயிருந்தால் தாத்தாவின் கோணல் வாய் உலகப் புத்தகங்களில் ஏறியிருக்கும். பிறகு 1870களில் இந்திய மீன்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய ஃபிரான்சிஸ் டே, மெட்ராஸில் இருந்தவர், தமிழில் இதைக் கொடுவா என்பார்கள் என்று பதிவு செய்துவிட்டார். அந்த மட்டில் மகிழ்ச்சி.

ஒவ்வோர் ஊரும் இந்த மீனின் ஒவ்வோர் உறுப்பைப் பார்த்திருக்கிறது. மேற்கு நாடுகளின் உணவகங்களில் இன்று பாரமுண்டி என்று சொல்கிறார்களே, அது ஆஸ்திரேலியாவின் ராக்ஹாம்ப்டன் பக்கத்துப் பழங்குடி மக்கள் மொழிச் சொல். பெரிய செதிலுடைய ஆற்று மீன் என்பது பொருள். அவர்கள் செதிலைப் பார்த்தார்கள். ஆந்திரத்தில் பண்டுகப்ப, மலையாளத்தில் காளாஞ்சி, வங்காளத்தில் பேட்கி, சிங்களத்தில் மோதா. மலேசியாவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இது சியாக்காப். யாழ்ப்பாணத்துக்காரரிடம் கேட்டால் நம்மைப் போலவே கொடுவா என்பார். ஆஸ்திரேலியாவின் வடக்கில் இந்த மீனைத் தூண்டிலில் பிடிப்பது பெரிய விளையாட்டு. 2015 முதல் சில மீன்களுக்கு அடையாளப் பட்டை குத்தி ஆற்றில் விடுகிறார்கள். அவற்றில் மிகச் சிலவற்றுக்குப் பத்து லட்சம் டாலர் வரை பரிசு. இதைப் படித்தபோது தாழங்குடாப் பெரியப்பாவின் அறுந்த நரம்பு நினைவுக்கு வந்தது. அவரிடம் போய்ச் சொல்ல அவர் இல்லை.

பெயரை வைத்துக்கொண்டு மீனைத் தேடப்போன எனக்கு, பெயரில் அடங்காத ஒரு சேதி பிறகுதான் கிடைத்தது. கொடுவா முட்டையிடுவது உப்புத் தண்ணீரில், முகத்துவாரத்தை ஒட்டிய கடலில். அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, வெள்ளம் உயரமாக ஏறும் நாட்களில். முட்டையும் குஞ்சும் ஏறுகிற தண்ணீரோடு கழிக்குள் வந்துவிடும் என்பதற்காக. குஞ்சுகள் கழியிலும் சதுப்பிலும் வளர்ந்து, வழி கிடைத்தால் ஆற்றில் ஏறி நல்ல தண்ணீருக்குப் போகின்றன. சில வருடம் அங்கே தின்று பெருத்து, இனம் பெருக்க மறுபடி கடலுக்கு இறங்குகின்றன. எங்கள் ஊரில் பௌர்ணமிக்கு ஜனங்கள் மலையைச் சுற்றும் அதே இரவுகளில், எங்கள் ஆறு முடிகிற இடத்தில் கொடுவா முட்டையிட வந்துகொண்டிருந்திருக்கிறது. தென்பெண்ணையில் இன்று அதற்கு மேலே ஏற வழி இல்லை. சொர்ணாவூர், எல்லீஸ் சத்திரம், திருக்கோயிலூர் என்று ஒன்றன்மேல் ஒன்றாக அணைக்கட்டுகள். எல்லாவற்றுக்கும் மேலே சாத்தனூர். அணைகள் எங்கள் வயல்களுக்குத் தண்ணீர் தந்தன, அதை மறந்து பேச மாட்டேன். ஆனால் கட்டும்போது மீன் ஏற ஒரு படி விட்டிருக்கலாமே என்று ஒவ்வொரு முறை அந்த ஆற்றைக் கடக்கும்போதும் மனசு கேட்கிறது.

இன்னொன்று. கொடுவா அநேகமாக எல்லாம் ஆணாகத்தான் முதிர்கிறது. சில பருவங்கள் ஆணாக இருந்து, நாலைந்து கிலோவைத் தாண்டி வளரும்போது பெண்ணாக மாறிவிடுகிறது. அறுபது கிலோ வரை வளரக்கூடிய மீன் இது. ஆக, பெரிய கொடுவா என்றால் அநேகமாகப் பெண். ஒரு பெரிய பெண் மீன் லட்சக்கணக்கில் முட்டையிடும்.

சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஆண் பெண்ணாக மாறும் இந்தக் குணம்தான் பெரிய சவாலாக இருந்திருக்கும். 1987இல் தொடங்கிய அந்த நிறுவனம், முட்டுக்காட்டில் இருக்கும் தன் நிலையத்தில் ஆண், பெண் இரண்டையும் தொட்டியில் வளர்த்து, 1997இல் இந்தியாவிலேயே முதல்முறையாகக் கொடுவாவைக் குஞ்சு பொரிக்கவைத்தது. தாய்லாந்தில் 1970களிலேயே செய்துவிட்டார்கள். நமக்குக் கொஞ்சம் தாமதம், ஆனாலும் அதன் பிறகுதான் குளங்களில் கொடுவா வளர்க்கும் தொழில் இங்கே கால் ஊன்றியது. குஞ்சுகளை அளவு பிரித்துக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரியது சின்னதை விழுங்கிவிடும் என்று ஒரு பண்ணைக்காரர் சொன்னார். தாத்தாவின் வாய், ஆயாவின் வாய் இரண்டும் விரல் நீளக் குஞ்சிலேயே தயாராக இருக்கின்றன.

இப்போது திருவண்ணாமலை மீன் கடைகளுக்குத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸோடு கடல் மீன் வருகிறது. கொடுவாவும் வருகிறது, தட்டளவு பண்ணை மீன். நகரத்து உணவகங்களின் பட்டியலில் அதன் பேர் சீ பாஸ். அப்படி ஒரு தட்டில் அதை வாங்கித் தின்றுவிட்டு, தான் தின்றது கொடுவா என்று தெரியாமலே போகிற தமிழர்களைப் பார்க்கும்போது எனக்கு வலிக்கிறது. சொல் நம்முடையது. மீன் எப்படி இரை தின்கிறது என்பதையே பார்த்து வைத்த சொல். கடைக்காரரிடமும் பரிமாறுகிறவரிடமும் நான் விடாமல் கொடுவா என்றே கேட்கிறேன்.

அம்மாவிடம் இந்த ஆண் பெண்ணாகும் கதையைச் சொன்னது ஒரு கார்த்திகை தீபத்தன்று. தீபம் ஏற்றுவதற்குச் சற்று முன்னால் பெரிய கோயிலில் அர்த்தநாரீஸ்வரர் ஆடிக்கொண்டே வெளியே வந்து சில நிமிடங்கள் காட்சி தந்துவிட்டு உள்ளே போய்விடுவார். வருடத்துக்கு ஒரு முறைதான். அந்தக் காட்சியை வாழ்நாள் முழுக்க மனசில் வைத்திருக்கும் ஊர்க்காரியிடம், ஓர் உடம்பே ஆணாகவும் பெண்ணாகவும் இருக்கும் என்று சொன்னால் ஆச்சரியப்பட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். மீன் என்பதுதான் அவளுக்குப் புதிது. விரதம் இருந்த நாளில் மீன் பேச்சு பேசுகிறானே என்று கடிந்துகொள்ளாமல், விளக்குத் திரி திரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அப்ப உங்க மாமன் கரிநாளுக்குக் கொண்டாந்தானே, அது பொம்பளதானா?”

இருக்கலாம் என்றேன்.

“வயசாவ வயசாவத்தான் பொம்பளயாவுதுன்னா, பெரிசு பெரிசா தேடிப் புடிச்சித் தின்னுட்டா முட்ட போட ஆரு இருப்பா?”

மீன்வளத் துறை அலுவலகங்களில் கேட்கப்பட வேண்டிய கேள்வி அது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம் அதைக் கேட்டுச் சட்டமும் போட்டிருக்கிறது. 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் கூடாது. சின்னது வளர வேண்டும், பெரியது முட்டையிட வேண்டும். அம்மாவுக்கு இதைச் சொன்னேன். தாழங்குடாவிலும் அப்படி ஒன்று வந்தால் நல்லது, ஆனால் அங்கே ஒரு பெரிய மீன் விழுந்தால் அது ஒரு வீட்டுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம், அந்த வீட்டுக்கு யார் ஈடு கொடுப்பார்கள், அதையும் சேர்த்து எழுது என்றாள்.